மார்கழிக் காற்றும் கார்புரேட்டர் ஐஸும்

பண்ருட்டி பக்கத்துல கெடிலம் ஆத்தங்கரையில இருக்குற திருவதிகைக்குப் போயிருக்கீங்களா? மூணு பறக்கும் கோட்டைகளைச் சிவன் எரிச்ச இடம்னு தலபுராணம் சொல்ற ஊர். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததும் இங்கேதான். அதுக்கப்புறம் பல்லவ ராஜா அவரைச் சுண்ணாம்புக் காளவாயில ஏழு நாள் அடைச்சு வச்சார், உள்ளே அவருக்குக் குளிர்ச்சியா இருந்துச்சுன்னு பெரியபுராணம் சொல்லுது.

அடுப்புக்குள்ள குளிர். புராணத்தை விடுங்க, சின்ன விமானங்களோட எஞ்சின்ல இது நிஜமாவே நடக்குது. அதனால ஆட்கள் செத்தும் இருக்காங்க.

மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? கசியுற ஈரம் ஆவியாகும்போது பானையோட சூட்டை எடுத்துட்டுப் போயிடுது. கார்புரேட்டர்ல தண்ணிக்குப் பதிலா பெட்ரோல், அவ்வளவுதான். காத்து ஒரு குறுகின கழுத்து வழியா வேகமா போகும். அதுலயே கொஞ்சம் குளிரும். அங்கே தெளிக்கிற பெட்ரோல் ஆவியாகும்போது பெரும்பகுதிச் சூடு போயிடும். ரெண்டும் சேர்ந்து 30 டிகிரிக்கு மேலகூட இறங்கலாம். இப்போ கடலூர்க் கரையோட மார்கழி விடியலை நினைச்சுப் பாருங்க. 22, 23 டிகிரி, காத்து முழுக்க ஈரம். நமக்கு அது சுகமான குளிர். கார்புரேட்டர் கழுத்துக்குள்ள அது உறைநிலைக்குக் கீழே. காத்துல இருக்குற ஈரம் அங்கேயே ஐஸா ஒட்டிக்கும். காத்து வர்ற வழி அடைபடும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

ஐஸ்னா ஐரோப்பா, பனிமலைன்னுதான் நமக்குத் தோணும். ஆனா ரொம்பக் குளிர்ந்த காத்துல ஈரமே கம்மி. நம்ம மாதிரி ஈரமான, மிதமான காத்துதான் இதுக்குத் தோது.

1927 மே மாசம், பாரிஸுக்குப் பறக்குறதுக்குச் சில நாள் முன்னாடி, சார்லஸ் லிண்ட்பெர்க் சான் டியேகோவுல இருந்து செயின்ட் லூயிஸுக்குக் கிளம்பினார். ராத்திரி, அரிசோனா மலைகளுக்கு மேலே எஞ்சின் திக்க ஆரம்பிச்சது. உயரம் குறையுது, கீழே மலை. வட்டமடிச்சே சமாளிச்சு, மெல்ல மேலே ஏறினார். நியூயார்க் போனதும் கார்புரேட்டருக்குப் போற காத்தைச் சூடாக்க ஒரு ஹீட்டர் வைக்கச் சொன்னார். அட்லாண்டிக் நடுவுல அதே இருமல் வந்திருந்தா? இறங்க இடமே இல்ல.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸுக்குக் கொண்டுபோனார். ஓட்டினது பஸ் மாத். ஒரே ஒரு ஜிப்ஸி எஞ்சின், 120 குதிரைசக்தி, கார்புரேட்டர்தான். நம்ம வடகிழக்குப் பருவமழை தொடங்குற மாசம் அது. மேகமும் ஈரமும் நிறைஞ்ச வானத்துல அந்த மாதிரி எஞ்சின்.

லிண்ட்பெர்க் வச்ச மாதிரி ஹீட்டர், பின்னால சின்ன விமானங்கள்ல ஒரு குமிழா வந்துடுச்சு. அதை இழுத்தா எஞ்சின் சூட்டுல காய்ஞ்ச காத்து உள்ளே வரும். அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? இங்கேதான் எனக்கு இந்தக் கதை பயமுறுத்துது. குமிழை இழுத்ததும் எஞ்சின் முதல்ல இன்னும் மோசமாகும். உருகுற ஐஸ் தண்ணியா சிலிண்டருக்குள்ள போகும், எஞ்சின் உதறும். பயந்துபோன பைலட், ஐயோ இது தப்புனு குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிடுவார். சரியான மருந்தைப் பாதியில நிறுத்துற மாதிரி. ஓடுற சர்வர்ல சரியான ஃபிக்ஸைப் போட்டுட்டு, லாக்ல சிவப்பு எரர் வந்ததும் பதறி ரோல்பேக் பண்ணவங்களுக்கு இது புரியும்.

இறங்கும்போது இன்னும் ஆபத்து. த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், இடைவெளி சின்னது, கொஞ்சம் ஐஸே போதும். எஞ்சினும் அப்போ அதிகம் சூடா இருக்காது. பைலட் பவர் கேக்குற வரைக்கும் எதுவும் தெரியாது. கேக்கும்போது வராது.

விழுந்த பிறகு விசாரணைக்கு ஆள் வர்றதுக்குள்ள ஐஸ் உருகிடும். எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தா ஒரு குறையும் இருக்காது. அன்னைக்கு இருந்த வெப்பம், ஈரப்பதம் ரெண்டையும் வச்சுத்தான் யூகிக்கணும். குற்றவாளியே சாட்சியையும் சேர்த்து அழிச்சுட்டுப் போற வழக்கு இது.

நம்ம பைக்குகள்ல கார்புரேட்டர் 2020-ல பிஎஸ்6 வந்தப்போ கிட்டத்தட்ட போயிடுச்சு. செஸ்னா 172 விமானமே 1990-கள்ல ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிடுச்சு. ஆனா பறக்கக் கத்துக்கிறவங்க நிறைய பேர் உட்கார்ந்த செஸ்னா 152-ல அந்தக் குமிழ் உண்டு. கிளம்புறதுக்கு முன்னாடி தரையிலேயே இழுத்துப் பார்ப்பாங்க. ஆர்பிஎம் லேசா குறையணும். உள்ளே தள்ளினதும் பழைய எண்ணுக்கு வரணும். பழைய எண்ணைத் தாண்டி ஏறினா, ரன்வேக்குப் போறதுக்கு முன்னாடியே உள்ளே ஐஸ் உட்கார்ந்திருக்குனு அர்த்தம்.