அழுகையும் ஒரு சாட்சியம்

விளையாட்டில் இடறி விழுந்து நெற்றி பிளந்த சிறுவன் ஒருவன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றான். காயம் சிறியது, நான்கு இழை போட்டால் போதும். ஆயினும், அவன் கண்ணுக்கு அந்த ஊசி ஓர் ஈட்டி. சூழ நிற்போர் யாவரும் பகைவர். பெரியவர் நால்வர் அவனை அழுத்திப் பிடிக்க, ஐந்தாமவர் தைத்து முடிப்பதே நெடுங்காலம் பல நாடுகளிலும் நிலவிய வழக்கமாகும். அவ்வழக்கம் மாறிய கதை மருந்துகளின் கதை மாத்திரம் அன்று. குழந்தையின் அழுகையைச் சாட்சியமாக ஏற்கப் பெரியவர்கள் கற்றுக்கொண்ட கதையுமாகும்.

காயத்தைத் தைக்கும் கலை மிகப் பழையது. சணல் நூலாலும் நாராலும் மயிராலும் புண்ணைத் தைக்கும் முறைகளைச் சுசுருத சங்கிதை விரித்துரைக்கின்றது. தைக்கும் கலை இவ்வாறு முன்னரே வளர்ந்திருப்பினும், நோவைத் தணிக்கும் கலை மிகவும் பிந்தியே வந்தது. 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் என்பார் ஈதர் ஆவியினால் நோயாளியை மயக்கிச் சத்திர சிகிச்சைக்கு வழிசெய்தார். மறு ஆண்டிலே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரபோமைக் கையாண்டார்.

எனினும், ஒரு சிறு காயத்துக்காக உயிரையே பணயம் வைக்கலாமோ என்னும் வினா விரைவில் எழுந்தது. 1848ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அண்மையில், கால் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். முழு மயக்கம் சிறு புண்ணுக்கு ஏற்றதன்று என்பதை அச்சாவு உணர்த்திற்று. புண்பட்ட இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் மருந்தே வேண்டப்பட்டது.

அவ்வழியை 1884இல் வியன்னாவின் இளம் வைத்தியர் கார்ள் கொல்லர் திறந்துவைத்தார். கொக்கெயின் கரைசலின் சில துளிகள் கண்ணை விறைக்கச் செய்வதை அவர் கண்டறிந்தார். ஆனால் கொக்கெயின் நச்சுத்தன்மை உடையது, மனிதரை அடிமையாக்குவது. ஆகவே 1905 அளவில் புரோக்கெயின் வழக்குக்கு வந்தது. 1943இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் நில்ஸ் லோவ்கிரென் லிடோக்கெயினை ஆக்கினார். அவருடைய துணைவர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதனைத் தம் உடலிலேயே ஏற்றிச் சோதித்தார். இன்றும் இழை போடுமுன் ஏற்றப்படும் விறைப்பு மருந்து பெரும்பாலும் இதுவேயாம்.

மருந்து கிடைத்தபின்னும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதன் பயன் கிட்டவில்லை. பச்சிளங் குழந்தைக்கு நோவு தெரியாது என்னும் கொள்கை குறுக்கே நின்றது. 1941இல் மெர்ட்டில் மக்ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், பிறந்து சில நாட்களேயான சிசுக்கள் குண்டூசிக் குத்தலுக்குக் காட்டும் அசைவு குறைவு என எழுதியமை இக்கொள்கைக்கு வலுவூட்டியது. மயக்க மருந்து சிசுவின் உயிருக்கு ஊறு விளைக்கும் என்னும் உண்மையான அச்சமும் அதனோடு சேர்ந்தது. அதன் பயனாக, 1980களிலுங்கூடச் சில சிசுக்களுக்குப் போதிய நோவு நீக்கி இன்றியே பெருஞ் சத்திர சிகிச்சைகள் நடைபெற்றன.

இந்தியாவிலிருந்து ஒக்ஸ்போர்ட்டுக்குப் பயிலச் சென்ற வைத்தியர் கன்வல்ஜீத் ஆனந்த், குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1987இல் தம் முடிபை வெளியிட்டார். வலுவான நோவு நீக்கி பெற்ற குழந்தைகளிலும் பார்க்க, அதனைப் பெறாத குழந்தைகளின் குருதியில் உடல் வேதனையைக் காட்டும் சுரப்புகள் மிகுந்திருந்தன; சிகிச்சையின் பின் சிக்கல்களும் மிகுந்தன. பேசத் தெரியாத குழந்தைக்காக அதன் குருதியே சாட்சி பகர்ந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும், இளஞ்சிசு என்ற காரணத்தால் மட்டும் மயக்க மருந்தை மறுத்தல் ஆகாது என அறிவுறுத்தியது.

நோவுக்கு உடன்பிறந்தது அச்சம். 1952இல் இலண்டனில் ஜேம்ஸ் ரொபேட்சன், வைத்தியசாலையில் எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். பெற்றோர் வந்து பார்ப்பதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்த காலம் அது. அழாதிருக்கும் குழந்தை அமைதியுற்ற குழந்தை அன்று, நம்பிக்கை இழந்த குழந்தையாகவும் இருக்கலாம் என்பதை அப்படம் உணர்த்திற்று. வைத்தியர்கள் சிலர் சினந்தனர். ஆயினும், 1959இல் வெளிவந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தையுடன் தாய் தங்கவும் இடமளிக்குமாறு பரிந்துரைத்தது.

இவ்விரு நீரோட்டங்களும் பின்னர் ஒன்றாயின. 1980 முதல், புண்ணின் மீது தடவியே விறைக்கச் செய்யும் கலவைகள் பரவின. முதற் கலவையிற் கொக்கெயின் இருந்தமையால் தீங்கு நேர்ந்தது. பின்னர் லிடோக்கெயின், அட்ரினலின், டெட்ராக்கெயின் சேர்ந்த களிம்பு அதன் இடத்தைப் பெற்றது. அதனை இட்டு அரைமணி நேரம் அளவு பொறுத்திருந்தால், பல குழந்தைகளுக்கு விறைப்பூசியே வேண்டியதில்லை. ஊசி தேவையாயின், மருந்தை உடற்சூட்டுக்கு வெதுப்பி, மெல்லிய ஊசியால் மெதுவாகச் செலுத்துவது எரிவைக் குறைக்கும். இழுவிசை இல்லாத சிறு வெட்டுக்களை ஒட்டுப் பசையினால் மூடும் முறையும் உண்டு. அத்தகைய பசையொன்றுக்கு அமெரிக்கா 1998இல் அனுமதி வழங்கியது.

இவையனைத்தும் வந்தபின்னும் செலவில்லாத மருந்து ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதுவே உண்மை. “நோகவே நோகாது” என்று ஏமாற்றப்பட்ட குழந்தை அடுத்த முறை எவரையும் நம்பாது. “சிறிது சுள்ளென்று இருக்கும், அம்மா உன் கையைப் பிடித்திருப்பார், பத்து எண்ணு, முடிந்துவிடும்” என்று கேட்ட குழந்தை, அழுதாலும் அஞ்சி ஓடாது. மடியில் இருத்திக் கதை சொல்லும் தாயும், கண்ணீரைக் குற்றமாக எண்ணாத வைத்தியரும் கூடுமிடத்தில், நால்வர் சேர்ந்து அழுத்திப் பிடிக்கும் தேவை பெரிதும் குறைகின்றது. நான்கு இழைகள் சில நாட்களில் அகற்றப்படும். அன்று பெரியவர் சொன்ன சொல்லோ, குழந்தையின் நெஞ்சில் நெடுங்காலம் நிலைக்கும்.