முகவரி மிஞ்சிய தபாலட்டை

அம்மப்பா கொழும்பிலே கிளாக்கராக இருந்த காலத்தில் மயிலிட்டி வீட்டுக்கு எழுதிய தபாலட்டைகள் ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய இருந்தனவாம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோது பெட்டி வீட்டோடு போயிற்று. ஓரட்டை மட்டும் அம்மாவின் தேவாரப் புத்தகத்துக்குள் இருந்தபடியால் தப்பியது. எனக்கு அப்போது இரண்டு வயது, வீடு ஞாபகமில்லை. மொன்றியலில் இரவு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிவிட்டு வந்து அந்த அட்டையைத்தான் மேசையில் வைத்துப் பார்க்கிறேன். அதைக்கொண்டு ஒரு படம் செய்ய ஆசை. வெட்டலாமா, கூடாதா என்பதிலேயே ஆறு மாதம் போய்விட்டது.

தபாலட்டை அவ்வளவு பழைய சங்கதி அல்ல. 1869 ஒக்ரோபரில் ஒஸ்ரியாவில் முதலில் விற்பனைக்கு வந்தது. கனடாவுக்கு 1871இல் வந்தது. இந்தியாவில் 1879இல் கால் அணா. மலிவு அதன் பெருமை. உறை இல்லாததால் தபாற்காரர் தொடங்கி அயலட்டை வரை வாசிக்கலாம், அது அதன் குறை. எனவே எங்கள் ஆட்கள் அதில் மனதை எழுதவில்லை. அம்மப்பாவின் அட்டையிலும் சுகவிசாரிப்பு, மணியோடர், வேலி அடைக்க ஆள் பிடிப்பது, அவ்வளவுதான்.

படம் அச்சிட்ட அட்டை வேறு விதம். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாற்றே நிறுவனம் போன்றவை இலங்கைக் காட்சிகளை அட்டையாக்கிக் கப்பற் பயணிகளுக்கு விற்றன. அவற்றில் 'தமிழ்ப் பெண்' என்று போட்டிருக்கும். ஆருடைய மகள், எந்த ஊர் என்பது இராது. எங்கள் அட்டையில் பெயரும் ஊரும் உண்டு, முகம் இல்லை. அந்த அட்டையில் முகம் உண்டு, பெயர் இல்லை.

இந்த நகரத்தில் 1856இல் ஸ்ரூடியோ திறந்த வில்லியம் நொட்மன் ஒரு வித்தை செய்தார். (பனியைக்கூட ஸ்ரூடியோவுக்குள்ளேயே உண்டாக்கிய மனுசன்.) 1870இல் விக்ரோறியா மண்டபத்துப் பனிச்சறுக்கல் விழாவை, ஆட்களைத் தனித்தனியே படம்பிடித்து, வெட்டி, தீட்டிய பின்னணியில் ஒட்டி ஒரே படமாக்கினார். அவருடைய சேகரிப்பு இங்கே மக்கோர்ட் நூதனசாலையில் இருக்கிறது. பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறிய குடும்பத்துக்கு வேறென்ன வழி என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒட்டுவதற்கு எங்களிடம் பழைய முகங்களே இல்லை.

வழி காட்டியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனனின் நூல். 2011இல் வெளிவந்தது. ஒல்லாந்தர் எங்கள் காணிகளைப் பதிந்த தோம்பின் பெயரையே வைத்து, அதை 'முற்றுப்பெறாத' தோம்பு என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டிருக்கிறார். இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதனோடு கட்டடக் கலைஞர் வரைந்த படமும் சனாதனனின் ஓவியமும் சேர்ந்து வருகின்றன. இப்படி 80 வீடுகள். கை நடுங்கிய அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகு, அரசாங்கப் பதிவேடுகளைவிட இதையே சரித்திரம் என்பேன்.

அட்டையை வெட்டவில்லை. முகவரிப் பக்கத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல அதன்மேல் வீட்டைக் கீறினேன். விறாந்தை, சாமியறை, குசினி. கிணறு கிழக்கே என்றார். பாரிசிலிருக்கும் மாமாவோ மேற்கே என்று சத்தியம் பண்ணுகிறார். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடப்பட்டது. எங்கள் காணி இன்னும் கம்பிவேலிக்கு அப்பால். போய்ப் பார்த்துத் தீர்க்கவும் வழியில்லை. ஆகவே இரண்டையும் வரைந்து அனுப்பினேன்.

அம்மா உடனே எடுத்தார்.

"தம்பி, ஒரு வளவுக்குள்ள ரெண்டு கிணறு ஆர் வெட்டினது?"