பெருந்தச்சர் முதல் பொறியாளர் வரை: கொங்குநாட்டுக் கோயில் பராமரிப்பில் தொழில்நுட்ப மேற்பார்வையின் வரலாறு

பொள்ளாச்சி சுப்பிரமணிய சுவாமி கோயில், திருமூர்த்திமலை அமணலிங்கேசுவரர் கோயில், பேரூர் பட்டீசுவரர் கோயில், அவிநாசிலிங்கேசுவரர் கோயில் எனக் கொங்குநாட்டின் பழங்கோயில்கள் பலவும் இன்றும் பூசை நடக்கும் இடங்கள். விளக்கெண்ணெய்ப் புகையும் அபிடேக நீரும் மக்கள் கூட்டமும் நாள்தோறும் அவற்றின் கல்லிலும் சுதையிலும் படிகின்றன. ஆகவே பழுது நேர்வது இயல்பு; திருப்பணியும் தவிர்க்க முடியாதது. எந்தக் கல்லை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்யும் பொறுப்பு வரலாற்றில் யார் யார் கைக்கு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடுவதற்கு முன் பதிவு செய்வது பழந்தமிழ்த் திருப்பணியின் மரபாகவே இருந்தது. நிர்வாகம் மாறிய காலத்தில் அந்த மரபு நழுவியது. கோயிலுக்கென நியமிக்கப்படும் ஸ்தபதியும் கட்டடக்கலைஞரும் சேர்ந்தே அதை மீட்க முடியும் என்பது இதன் முடிபு.

1. பதிவுக்குப் பின் திருப்பணி

கோயிலை வடிவமைத்தவரின் பெயரைப் பொறிக்கும் அளவுக்குச் சோழர் காலத்தில் தச்சருக்கு மதிப்பு இருந்தது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனைக் குறிப்பிடுகிறது.

திருப்பணி முறைக்குத் திருமழபாடிக் கோயில் தெளிவான சான்று. விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் செய்தான். அவை முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்றளியிலும் பழைய சாசனங்கள் படியெடுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் முதல் படியாக வலியுறுத்தும் ஆவணப்படுத்தல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அரசாணையாக நடந்திருக்கிறது.

கொங்குநாட்டுச் சான்று கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ளது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயரோடு வெளியான அரசாணை ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு உரிமைகள் சிலவற்றை வழங்குகிறது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பறை கொட்டலாம். செருப்பு அணிந்து செல்லலாம். தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். உலோகத்திலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்த அம்மக்களுக்கு, வீட்டுச் சுவரில் சாந்து பூசுவதற்கே தனி ஆணை தேவைப்பட்டது. அவர்களது தொழிலறிவை மதித்த அளவுக்கு அவர்களது வாழ்வைச் சமூகம் மதிக்கவில்லை என்பதையும் இக்கல்வெட்டு சொல்கிறது.

சிற்பநூல்களும் பழுது பார்ப்பதைத் தனித் துறையாகவே கருதின. மயமதத்தில் அதற்கென ஓர் அதிகாரம் உண்டு. பாலாலயம் செய்து இறையாற்றலை இடம் மாற்றிய பிறகே பணி தொடங்க வேண்டும் என்னும் விதி, அவசரத் திருப்பணிக்கு இடப்பட்ட தடையாகவும் அமைந்தது.

2. கணக்கு கவனிக்கப்பட்டது, கட்டடம் விடுபட்டது

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அரசை அதிலிருந்து விலக்கியது. 1920களில் அறநிலைய வாரியமும், 1951, 1959 சட்டங்களின் வழியே இன்றைய அறநிலையத் துறை அமைப்பும் உருவாயின. இந்த நீண்ட வரிசையில் மையமாக இருந்தவை நிலம், வருமானம், அறங்காவலர் நியமனம் ஆகியவையே.

இன்னொரு பக்கம், 1904ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டமும் 1923இல் ஜான் மார்ஷல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடும் நினைவுச்சின்னங்களுக்குக் கடுமையான தொழில்நுட்ப நெறிகளை வகுத்தன. இதனால் பாதை இரண்டாகப் பிரிந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்புக்குள் வந்த சின்னங்களுக்கு அந்நெறிகள் வழிகாட்டின. அதற்கு வெளியே நின்ற வழிபாட்டுக் கோயில்களின் பழுதுபார்ப்பு, நன்கொடையாளர் விருப்பத்தையும் ஒப்பந்தக்காரர் பழக்கத்தையும் சார்ந்து நின்றது.

3. 1957: இரண்டு பள்ளிகள்

1957இல் மாமல்லபுரத்தில் அரசு கட்டிடச் சிற்பக் கலைக்கான கல்விக்கூடம் வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் தொடங்கியது. பின்னர் கணபதி ஸ்தபதி அதை வளர்த்தார். அதே ஆண்டில்தான் பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக் தோன்றியது. முழக்கோலும் நூலும் கொண்டு அளக்கும் அறிவு ஒரு பள்ளியிலும், சிமெண்டும் கம்பியும் கொண்டு கட்டும் அறிவு தமிழகமெங்கும் இத்தகைய தொழில்நுட்பப் பள்ளிகளிலும் வளர்ந்தன. இரண்டும் நாட்டுக்குத் தேவையானவை. ஆனால் ஒன்றின் பாடம் மற்றொன்றுக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் விளைவைப் பல கோயில்களில் காணலாம். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் பூசிய சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடுகிறது. உள்ளே கரைந்து படிகமாகும் உப்பு செங்கல்லையும் சுதையையும் உதிர்க்கிறது. அழுக்கைப் போக்க மணலைப் பீய்ச்சி அடித்ததில் கல்லின் மேல்தோலோடு எழுத்துகளும் தேய்ந்தன. பிராகாரத்தில் மண் நிரப்பிக் கிரானைட் பதித்தபோது தரை உயர்ந்து அடித்தளமான அதிட்டானம் புதைந்தது; அதன் ஜகதியிலும் குமுதத்திலும் இருந்த கல்வெட்டுகள் மறைந்தன; மழைநீர் வடியும் வழியும் அடைபட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்கு மழையும் சேரும் பொள்ளாச்சி வட்டாரத்தில், தண்ணீர் வடிகால் ஒரு கோயிலின் ஆயுளையே தீர்மானிக்கும்.

4. திருப்பம்

2010 மே 26 அன்று திருக்காளத்தியில் 1516ஆம் ஆண்டு கிருஷ்ணதேவராயர் எடுத்த இராசகோபுரம் சரிந்தது. விரிசல் முன்னரே கண்ணுக்குத் தெரிந்திருந்தது. கோயில் திருப்பணிகள் குறித்த சென்னை உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டி ஆய்வு செய்த யுனெஸ்கோ வல்லுநர்கள், 2017இல் தமிழகத் திருப்பணிகளின் குறைகளைச் சுட்டி அறிக்கை அளித்தனர். அதே ஆண்டு திருவரங்கம் கோயிலின் சீரமைப்பு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதைப் பெற்றது. முறையாகச் செய்தால் வழிபாடு நடக்கும் பெருங்கோயிலையும் பழமை கெடாமல் காக்கலாம் என்பதற்கு அது சான்று. 2021 ஜூன் 7 அன்று உயர் நீதிமன்றம் கோயில்கள், தொல்சின்னங்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கான 75 வழிகாட்டுதல்களுடன் தீர்ப்பளித்தது. 2022-23இல் ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில்களுக்குத் தமிழக அரசு ரூ.100 கோடி ஒதுக்கியது. 2024இல் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலும் யுனெஸ்கோ விருது பெற்றது. திருப்பணித் திட்டங்களை இன்று வல்லுநர் குழுக்கள் ஆராய்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை குடமுழுக்கை ஒட்டிய ஏற்பாடுகள். 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலமே இன்னும் கவனிக்கப்படவில்லை. இங்கிலாந்துத் திருச்சபை இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே ஒவ்வொரு தேவாலயத்தையும் கட்டடக்கலைஞர் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சிறிய பழுது சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது, செலவும் குறைகிறது.

5. முடிபு

கொங்குநாட்டுக்கு இதைப் பொருத்துவது கடினமன்று. கோவையில் கட்டடக்கலைக் கல்லூரிகள் உள்ளன. அறநிலையத் துறையில் ஸ்தபதிகளும் பொறியாளர்களும் உள்ளனர். புலவர் செ. இராசு போன்ற அறிஞர்கள் தேடித் தொகுத்த கொங்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் உள்ளன. இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையான இன்டாக்கின் 2004ஆம் ஆண்டுச் சாசனம், மரபுக் கைவினைஞரின் அறிவையும் காக்க வேண்டிய செல்வமாகவே ஏற்கிறது. ஆகவே கட்டடக்கலைஞர் ஸ்தபதிக்கு மேலே அமர வேண்டியதில்லை. அருகே அமர வேண்டும்.

ஒவ்வொரு பழங்கோயிலுக்கும் இவ்விருவரையும் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் மேல்தளம், கோபுரத்தில் வேர்விடும் ஆலும் அரசும், வடிகால், விரிசல் ஆகியவற்றை அவர்கள் பார்த்து எழுத வேண்டும். அளவு வரைபடம், நிழற்படம், கல்வெட்டுப் படி மூன்றும் அந்த ஏட்டில் சேர வேண்டும். பாலாலயத்துக்கு நாள் குறிக்கும்முன் அறங்காவலர்கள் அதைப் படித்திருக்க வேண்டும். அந்த ஏடு இல்லாத கோயிலில் ஒரு கல்லையும் பிரிக்க அனுமதி தரக் கூடாது.