காணி உறுதி இல்லாத புல்

ஐப்பசி மழை விழுந்ததும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்வட்டைகளில் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே மாட்டுப்பட்டிகள் வயலை விட்டு வெளியேற வேண்டும். பட்டிக்காரர் மாடுகளை மேற்கே காட்டோரத் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். பங்குனிக்குள் வெள்ளாமை வெட்டி முடிந்தால் அதே பட்டிகள் திரும்பி வந்து அரிதாளை மேயும். எருவும் வயலிலேயே விழும். எந்த மாடு எந்தக் குடிக்கு உரியது என்பதை அதன் தோலில் சுட்ட குறி சொல்லும். மட்டக்களப்பு வாவியைச் சுற்றிய நெல் விவசாயமும் எருமைத் தயிரும் தலைமுறை தலைமுறையாக இந்த நடையை நம்பியே இருந்தன.

அந்தத் தரைகளில் வளர்ந்த புல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதிவைத்தவர்கள் குறைவு.

மழைக்காலத்தில் தாழ்ந்த நிலம் நீரில் அமிழும்போது கோரையும் பன்னும்தான் தலைகாட்டும். தண்ணீர் வற்ற வற்ற அறுகு ஓடத் தொடங்கும். நிலத்தோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் புல் அது. மாட்டின் வாய்க்கு அதன் இலைதான் அகப்படும், உயிர் அகப்படாது. சுற்றி உயர்ந்து நிற்பவற்றை மாடு கடித்துத் தாழ்த்தும்போது அறுகுக்கு வெயில் கிடைக்கிறது. வாவியின் ஓரத்தில் கதை வேறு. கோடையில் உப்பு ஏறும் மண்ணில் உமரியும், இலை மேலேயே உப்பைக் கக்கும் ஒருவகைக் குட்டைப் புல்லும் மட்டுமே தாக்குப்பிடிக்கும். விரலால் தடவினால் வெள்ளைத் துகள் ஒட்டும். மேட்டு நிலத்திலோ, இங்கினியாகலைப் பக்கம் போகப் போக, கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களுக்கு இடையே இலுக்கும் மானாப் புல்லும் ஆளுயரம் நிற்கும். முற்றிய இலுக்கின் ஓரம் கையை அறுக்கும். மாடு அதைத் தொடாது. ஆகவே கோடையில் தீ வைப்பார்கள். மேலே உள்ளது எரியும், மண்ணுக்குள் ஓடும் கிழங்கு பிழைக்கும், பசும் தளிர் வரும். மரக்கன்றுகளும் அந்தத் தீயில் கருகுவதால் புல்வெளி புல்வெளியாகவே நிற்கும்.

வெள்ளம், உப்பு, தீ, மாட்டின் வாய். இவற்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எந்தப் புல் வாழும், எது ஒதுங்கும் என்ற கணக்கு மாறிவிடும். தாவரவியலாளர் இதை நெடுநாளாகச் சோதித்து வருகிறார்கள். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் 1856இல் ஒரு வைக்கோல் புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரம் இடத் தொடங்கினார்கள். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே இடாத துண்டில் பலவகைச் செடிகள் கூடி வாழ்கின்றன. நைதரசன் மிகுதியாகப் பெற்று மண் புளித்துப்போன துண்டுகளில் ஒன்றிரண்டு புற்களே முழு இடத்தையும் பிடித்துக்கொண்டன.

அதே 1856இல் இலங்கையில் நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. கைவிடப்பட்ட குளங்களைத் திருத்தி நெல்லைப் பெருக்குவது ஆளுநர் ஹென்றி வார்டின் எண்ணம். கிழக்கில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அதில் முன்னே வந்தன. நல்ல வேலைதான். ஆனால் மேய்ச்சல் தரைக்குப் பெரிய அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் பயிரிடாத நிலத்தையும் அரசுக்கு உரியதாகக் கொண்டது. வயலுக்கு உறுதி காட்டலாம். ஆண்டில் பாதி நீருக்கடியில் கிடந்து, மறுபாதி நூறு பட்டிகள் பொதுவில் மேயும் தரைக்கு யார் உறுதி காட்டுவது? கணக்கேட்டில் அது வெறும் நிலமாயிற்று. மேய்ச்சல் தரைக்காக இன்றுவரை நீளும் சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த மாற்றம் ஆற்றில் வந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறிக்கும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. மாரியில் பரந்து, கோடையில் வற்றிய ஆறு அணைக்குப் பின்னால் தேங்கியது. கீழே வாய்க்கால் நீர் பாய்ந்தது. 1983இல் மாதுறு ஓயா அணை திறக்கப்பட்டு, மட்டக்களப்பின் மேற்குத் தரைகளும் மகாவலித் திட்டத்தின் வரைபடத்துக்குள் போயின. வெள்ளத்தின் அளவும் காலமும் மாறினால் நீர் வற்றும் தரையில் முளைக்கும் புற்கள் முதலில் ஒதுங்கும். நீர் நிற்காத இடத்தில் புதர் ஏறும், நீர் ஓயாத இடத்தில் பன்னும் நீர்க்களையும் அடைக்கும்.

நீர்க்களைகளோ வெளியிலிருந்து வந்தவை. ஆற்றுவாழை 1905இல் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது. நான்கே ஆண்டில் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் கொழும்பில் பாடம் நடத்தக் கொண்டுவரப்பட்டது. வயல்களிலிருந்து வடியும் உரநீர் இரண்டுக்கும் விருந்து. ரொதம்ஸ்டெட்டில் மண்ணில் கண்டது களப்பு ஓரங்களில் நீரில் நடக்கிறது: ஊட்டம் மிகுந்த இடத்தை வல்லது ஒன்று வளைத்துக்கொள்கிறது.

இயற்கையின் அடிகளும் சிறியவை அல்ல. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர மண்ணில் கடல்நீரை ஊற்றியது. 2011 ஜனவரி வெள்ளம் படுவான்கரையை மூழ்கடித்தது. ஆனாலும் உப்பை மழை கழுவும், வெள்ளம் வடியும், கிழங்கும் கணுவும் மண்ணில் இருக்கும்வரை புல் மீண்டு வரும். கலப்பை போட்ட தரை அப்படி மீளாது. வேர்ப்பின்னல் அறுந்த இடத்தில் முதலில் ஓராண்டுக் களைகள் முளைக்கும். பிறகு கினிப் புல்லும் புதரும் பிடிக்கும். பழைய புல்வெளியின் சேர்க்கை திரும்பப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

போர்க்காலத்தில் பட்டிகள் போக முடியாத தரைகள் பல. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள்தான் பெரிய நம்பிக்கை. அங்கே வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோர் சோளமும் பிற பயிரும் செய்யத் தொடங்கினர். மாடுகள் வெட்டுப்பட்டும் சுடப்பட்டும் சாவதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டனர். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் அவர்கள் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்காக நீண்டது. தரை சுருங்கினாலும் மாடுகளின் எண்ணிக்கை அதற்கேற்பச் சுருங்குவதில்லை. மிஞ்சிய இடத்தில் மாடுகள் நெருக்கி மேயும்போது சுவையான புல் அழிந்து, மாடு தொடாத தகரையும் முள்ளும் பெருகும். அப்போது "இது தரிசுதானே" என்று சொல்வது எளிதாகிவிடும். நிலத்தைக் கெடுத்துவிட்டு, கெட்ட நிலம் என்று பெயர் சூட்டும் இந்த வழக்கம் பெரும் அநீதி.

மேய்ச்சல் தரைகளை எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்று பண்ணையாளர்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. அதனோடு இன்னொன்றும் செய்யலாம். சித்தாண்டிக்கு அடுத்த ஊரான வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விவசாய பீடமும் உண்டு. மேய்ச்சல் தரையில் சில துண்டுகளை வேலியிட்டு, ஆண்டுதோறும் என்ன புல் நிற்கிறது, என்ன போனது என்று எண்ணிப் பதியப் பெரிய செலவு ஆகாது. புல்லைப் பார்த்தே மழையின் போக்கைச் சொல்லும் முதிய பட்டிக்காரர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை அருகில் வைத்துக்கொண்டு அந்த வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.