பொன்னும் பதக்கமும்

அஞ்சல் தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். பதக்கம் சேர்ப்போர் நம்மிடையே குறைவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இதற்கெனவே ஒரு கூட்டம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது வெளியிடப்படும் நினைவுப் பதக்கங்களை அவர்கள் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். இப்பதக்கங்கள் வெண்கலத்தில் மிகுதியாகவும் வெள்ளியில் குறைவாகவும் அடிக்கப்பட்டன. தங்கத்திலோ நெடுங்காலம் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே செய்யப்பட்டு வந்தன. பொதுவாகக் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், விழாக் குழுத் தலைவர் ஆகியோருக்கே தங்கப் பதக்கம் உரியதாயிற்று.

அத்தகைய பதக்கம் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் விலை, அதிலுள்ள தங்கத்தின் விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்து நிற்கும். இதற்குக் காரணம் என்ன? இதை அறிய, சிறிது வரலாற்றையும் சிறிது விஞ்ஞானத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

பொத்தானில் தொடங்கிய வழக்கம்

நாணயத்திற்கு முகமதிப்பு உண்டு. அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். பதக்கத்திற்கு முகமதிப்பு இல்லை. அது ஒரு நிகழ்ச்சியை அல்லது ஒரு மனிதரை நினைவுகூர்வதற்காகவே செய்யப்படுவது.

1789ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது பதக்கம் ஏதும் வெளியிடப்படவில்லை. மாறாக, அந்த நாளின் நினைவாகச் செம்பிலும் பித்தளையிலும் சட்டைப் பொத்தான்கள் செய்யப்பட்டன. மக்கள் அவற்றைத் தம் மேலங்கிகளில் தைத்துக்கொண்டனர். 1801ஆம் ஆண்டு தாமஸ் ஜெபர்சன் பதவியேற்றதை ஒட்டி, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஜான் ரைக் என்னும் செதுக்குக் கலைஞர் ஒரு பதக்கத்தை உருவாக்கினார். அதன் ஒரு புறத்தில் ஜெபர்சனின் உருவமும், மறுபுறத்தில் சுதந்திரப் பிரகடனத்தை ஏந்திய ஒரு பெண் உருவமும் இருந்தன. எனினும் இது தனிப்பட்ட ஒருவரின் முயற்சியே ஆகும்.

பதவியேற்பு விழாக் குழுவே அதிகாரபூர்வமாகப் பதக்கம் வெளியிடும் வழக்கம் 1901இல், வில்லியம் மெக்கின்லி இரண்டாம் முறை பதவியேற்றபோதுதான் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். அவரோடு துணைத் தலைவராகப் பதவியேற்ற தியோடர் ரூசவெல்ட் குடியரசுத் தலைவரானார்.

ரூசவெல்ட்டின் மனக்குறை

1904ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற ரூசவெல்ட், 1905 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்றார். அவ்விழாவிற்கென வழக்கம்போல் ஓர் அதிகாரபூர்வப் பதக்கம் ஏற்பாடாயிற்று. அது ரூசவெல்ட்டுக்குப் பிடிக்கவில்லை. பண்டைக் கிரேக்க நாணயங்களின் எழிலில் மனத்தைப் பறிகொடுத்தவர் அவர். தம் நாட்டில் செய்யப்படும் பதக்கமும் நாணயமும் அவற்றோடு ஒப்பிடத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். எனவே, அக்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பியாக விளங்கிய அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸை நாடினார்.

செயின்ட் காடன்ஸ் அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தார். வடிவமைப்பைத் தாம் அமைத்து, உருவங்களைச் செய்யும் பணியை அடால்ஃப் வைன்மன் என்னும் இளஞ்சிற்பியிடம் ஒப்படைத்தார். டிஃபனி நிறுவனம் பதக்கங்களை வார்த்துக் கொடுத்தது. வெண்கலத்தில் சுமார் 125 பதக்கங்களே செய்யப்பட்டன. ரூசவெல்ட்டுக்கெனத் தங்கத்தில் ஒன்று வார்க்கப்பட்டது. பதவியேற்பு முடிந்து சில மாதங்கள் கழித்தே இவை கைக்கு வந்தன. ‘ஒவ்வொருவருக்கும் உரிய நீதி’ என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் இரு சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. மறுபுறத்தில் கம்பீரமாக நிற்கும் கழுகு ஒன்று இருந்தது.

பதக்கத்தைக் கண்டு மகிழ்ந்த ரூசவெல்ட், நாட்டின் தங்க நாணயங்களையும் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பைச் செயின்ட் காடன்ஸிடமே அளித்தார். 1907இல் வெளிவந்த 10 டாலர் தங்க நாணயத்தில் இடம்பெற்றது, 1905ஆம் ஆண்டுப் பதக்கத்தின் அதே கழுகுதான். 20 டாலர் நாணயமும் அவர் கைவண்ணமே. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். சிலருக்கென்று செய்யப்பட்ட ஒரு பதக்கம், ஒரு நாட்டின் நாணயங்களின் தோற்றத்தையே மாற்றிவிட்டது எனலாம்.

பதக்கம் உருவாகும் விதம்

பதக்கத்தை இரு முறைகளில் செய்யலாம். ஒன்று, டிஃபனி செய்ததுபோல் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்ப்பது. மற்றொன்று, எஃகு அச்சுகளுக்கிடையே உலோகத் தகட்டை வைத்து அழுத்தி அடிப்பது.

இரண்டாவது முறையில், சிற்பி முதலில் பதக்கத்தைப் போல் பல மடங்கு பெரிய உருவத்தைக் களிமண்ணில் செய்கிறார். அதிலிருந்து பாரிஸ் சாந்தில் படி எடுத்து, அதைக் கடினமான ஒரு பொருளில் மீண்டும் வார்க்கின்றனர். பிறகு அது சுருக்கு எந்திரத்தில் பொருத்தப்படுகிறது. எந்திரத்தின் ஒரு முனையிலுள்ள ஊசி பெரிய உருவத்தின் மேடுபள்ளங்களைத் தடவிச் செல்ல, மறுமுனையிலுள்ள வெட்டுக்கருவி அதே மேடுபள்ளங்களைச் சிறிய அளவில் எஃகில் செதுக்குகிறது. ஒருமுறை அழுத்தினால் உலோகம் இறுகிவிடும். ஆகவே, உருவம் நன்கு புடைத்துத் தெரிய வேண்டுமானால் தகட்டைச் சூடாக்கி மிருதுவாக்கி, மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும். தங்கம் மென்மையான உலோகமாதலால் அச்சிலுள்ள நுணுக்கங்களைச் செவ்வையாக ஏற்றுக்கொள்கிறது.

தங்கத்திற்குத் தங்கமே பகை

தங்கம் துருப்பிடிப்பதில்லை, பாசி படிவதில்லை. ஆயினும் வெண்கலப் பதக்கத்திற்கு இல்லாத ஓர் ஆபத்து தங்கப் பதக்கத்திற்கு உண்டு. அதை உருக்கினால் உடனே காசாகிவிடும் என்பதே அது.

பிராங்க்ளின் ரூசவெல்ட் 1933 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்றார். அவ்விழாப் பதக்கத்தை வடித்தவர் பால் மான்ஷிப் என்னும் சிற்பி. (1961இல் கென்னடியின் பதக்கத்தை வடித்தவரும் இவரே.) பதவியேற்ற ஒரு மாதத்தில், ஏப்ரல் 5ஆம் நாள், மக்கள் தம்மிடமுள்ள தங்க நாணயங்களையும் கட்டிகளையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ரூசவெல்ட் ஆணையிட்டார். சேகரிப்பாளர்கள் போற்றும் அரிய நாணயங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. அவுன்சுக்கு 20.67 டாலராக இருந்த தங்கத்தின் விலை 1934இல் 35 டாலராக உயர்த்தப்பட்டது. அரசிடம் வந்த நாணயங்கள் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. அமெரிக்கர்கள் மீண்டும் தடையின்றித் தங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை 1974 டிசம்பர் 31ஆம் நாள்தான் கிடைத்தது.

செயின்ட் காடன்ஸின் 20 டாலர் நாணயத்தை 1933ஆம் ஆண்டுக்கென 4,45,500 எண்ணிக்கையில் அடித்திருந்தனர். அவை புழக்கத்திற்கு வராமலேயே உருக்கப்பட்டன. மிகச் சிலவே தப்பின. தப்பியவற்றுள் தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ள இசைவு பெற்றது ஒன்றே ஒன்று. 2021இல் அது சுமார் 1 கோடியே 89 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதிலுள்ள தங்கத்தின் அன்றைய விலை 2,000 டாலரைக்கூட எட்டவில்லை.

இதே ஆபத்து பின்னரும் வந்தது. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்சுக்கு 850 டாலரையும், வெள்ளி 50 டாலரை நெருங்கியும் விலை ஏறியபோது, எண்ணற்ற வெள்ளி நாணயங்களும் பதக்கங்களும் உலைக்குப் போயின. எத்தனை அடிக்கப்பட்டன என்பது ஏட்டில் இருக்கும். எத்தனை எஞ்சியுள்ளன என்பதே அருமையை உறுதிசெய்வது.

உரைகல்லில் உரசலாமா?

தங்க முலாம் பூசிய வெண்கலத்தைத் தங்கம் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பது வழக்கம். அரிய பதக்கத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் மதிப்புக் கெட்டுவிடுமாதலால் இங்கு வேறு வழி தேவை. ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி இதற்கு உதவும்.

193 கிராம் எடையுள்ள தூய தங்கப் பதக்கத்தை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 183 கிராம் காட்டும். தங்கத்தின் அடர்த்தி 19.3 ஆதலால் அது 10 கன சென்டிமீட்டர் நீரையே வெளியேற்றுகிறது. அதே எடையுள்ள, வெள்ளியில் முலாம் பூசிய பதக்கம் சுமார் 175 கிராமும், வெண்கலப் பதக்கம் சுமார் 171 கிராமும் காட்டும். பதக்கம் 14 காரட் தங்கமானால், அதில் 24 பங்கில் 14 பங்கே தங்கம். கலந்துள்ள உலோகங்களுக்கேற்ப அதன் அடர்த்தி சுமார் 13 முதல் 14.5 வரை இருக்கும்.

இச்சோதனையையும் ஏமாற்ற ஓர் உலோகம் உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, ஏறக்குறையத் தங்கத்தின் அடர்த்தியே. டங்ஸ்டனை உள்ளே வைத்துத் தங்கத் தகட்டால் மூடினால் தராசு காட்டிக்கொடுக்காது. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சித் தனிமங்களை அறியும் கருவியும் மேற்பரப்பை மட்டுமே காணும். ஆனால் ஒலி ஏமாறுவதில்லை. தங்கத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 3,200 மீட்டர் வேகத்திலும், டங்ஸ்டனில் சுமார் 5,200 மீட்டர் வேகத்திலும் செல்கிறது. மீயொலி அலைகளைச் செலுத்தி உள்ளே இருப்பதை அறியலாம்.

பொன்னுக்கு மேல் உள்ள மதிப்பு

இச்சோதனைகள் எல்லாம் ‘இது தங்கம்’ என்று மட்டுமே சொல்லும். ‘இது யாருடையது’ என்று சொல்ல மாட்டா. அச்சு கையில் இருந்தால், அதே உருவத்தைப் பிற்காலத்தில் தங்கத்தில் மீண்டும் அடித்துவிட முடியும். எடையும் மாற்றும் சரியாக இருக்கும்; ஆனால் அது அந்த விழா நாளின் பதக்கம் ஆகாது. ஆகவேதான் பதக்கத்தோடு வந்த பெட்டி, விழாக் குழுவின் கடிதம், அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதற்கான சான்று ஆகியவற்றைச் சேகரிப்பாளர்கள் பதக்கத்திற்கு இணையாகப் போற்றுகின்றனர். இவை தொலைந்தால் பதக்கம் வெறும் தங்கமாகிறது. அடுத்த முறை விலை ஏறும்போது உலைக்குப் போவதும் அத்தகைய பதக்கமே.

பழைய பதக்கமோ நாணயமோ நம் வீட்டுப் பெட்டியில் கிடைத்தாலும் இது பொருந்தும். அதைப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்கக்கூடாது. கடையில் நிறுத்துப் பார்க்கும் முன் அது எப்போது, யாருக்கு, எதற்காகக் கிடைத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அத்துடன் வைத்துவிட வேண்டும். அப்பொருள் அழியாமல் காக்க நம்மால் செய்யக்கூடிய எளிய உதவி இதுவே ஆகும்.