விடியக்காலையில் உதறும் எஞ்சின்

கிளிநொச்சியில் வாடகைக்குக் கார் ஓடும் ஒருவரைக் கடந்த மார்கழியில் சந்தித்தேன். வாரத்தில் இரண்டு நாட்கள் விடிய நான்கு மணிக்கு, சிறுநீரக நோயாளி ஒருவரை இரத்தச் சுத்திகரிப்புக்காக யாழ்ப்பாணம் ஏற்றிப் போக வேண்டியது அவரது வேலை. திறப்பைத் திருப்பினால் கார் ஸ்ராட் ஆகும். பிறகு ஒன்றரை நிமிடம் உதறும். சில நாள் நின்றே போகும். மூன்று கராஜ்களில் காட்டி பிளக், கொயில், பெற்றோல் பம்ப் என 60,000 ரூபாவுக்கு மேல் செலவழித்திருந்தார். கடைசியில் பழுது விரலளவு கூட இல்லாத ஒரு சென்சரில் இருந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. புதிய கார் பெரும்பாலானோருக்கு இன்னும் எட்டாத விலையில் இருக்கிறது. கையில் இருக்கும் பழைய காரைத்தான் ஓட்டியாக வேண்டும் என்பதால், இந்த உதறல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

அடிப்படை விடயம் ஒன்று. எரிவது பெற்றோல் அல்ல, பெற்றோலின் ஆவி. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினுக்குள் போகும் பெற்றோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடுதலாகப் பெற்றோல் கொடுக்க வேண்டும். பழைய காபரேற்றர் கார்களில் சோக்கை இழுத்து காற்றைக் குறைத்தோம். இன்றைய கார்களில் கணினி, கூலன்றின் சூட்டை அளந்து, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் எஞ்சின் அதைத் தாங்கியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்து, அதைச் சொட்டவிட்டு ஸ்ராட் ஆக்கி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் அப்பாவிடமும் ஒரு ஏ40 இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஊரே நாவற்குழிப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது தாங்கியில் மண்ணெண்ணெய் இருந்தது; போத்தலில் பெற்றோல் இல்லை. அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு மழைக்குள் போனோம். கார் வாசலில் நின்றது.

இனி இன்றைய காருக்கு வருவோம். முதலில் நோயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் அது பற்றரிப் பிரச்சினை. இரவு நின்ற பற்றரி 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும்; சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. நன்றாகச் சுற்றி, பிடித்து, அதன் பிறகு உதறினால் பற்றரியை மாற்றிப் பயனில்லை.

உதறல் என்றால் நான் முதலில் செய்யச் சொல்வது காசில்லாத ஒரு சோதனை. காலையில் திறப்பை ஒன் நிலைக்கு மட்டும் திருப்பி மூன்று விநாடி விட்டு நிறுத்துங்கள். இப்படி மூன்று தடவை செய்து, பிறகு ஸ்ராட் பண்ணுங்கள். வழமையைவிட நன்றாகப் பிடித்தால், இரவில் பெற்றோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்பில் இருக்கும் வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாகலாம். ஒழுகும் இன்ஜெக்டர் என்றால் பெரும்பாலும் பெற்றோல் மணமும், முதல் சில விநாடி கறுப்புப் புகையும் இருக்கும்.

அடுத்தது அந்தச் சென்சர். எஞ்சினைத் தொடுமுன் காலையில் ஸ்கேனரைப் போட்டு, கூலன்ற் சூட்டையும் உள்வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், எங்கள் பக்கம் 25 பாகை அளவில். காற்று 25 என்றும் கூலன்ற் 80 என்றும் காட்டினால், எஞ்சின் சூடாக இருப்பதாகக் கணினி நம்பி, கூடுதல் பெற்றோலைக் கொடுக்காது. கிளிநொச்சிக்காரரின் காரில் நடந்தது இதுதான். மூன்று கராஜ்களும் காரைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்தன. அப்போது 80 என்பது சரியான கணக்கு!

பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது எப்போதும் நல்லது. ஒன்று மட்டும் ஈரமாகவோ கரியாகவோ இருந்தால் பழுது அந்தச் சிலிண்டரில். மாரி காலத்தில் பழைய பிளக் வயர்களில் ஈரம் ஏறி மின்பொறி வெளியே கசியும். விடியுமுன் இருட்டில் பொனற்றைத் திறந்து பார்த்தால் நீலமாகத் தெரியும். கையை வைக்க வேண்டாம். துரொட்டில் வாயில் படியும் கரியும், வெடித்த வாக்கும் குழாயும்கூட உதறலைத் தரும். குழாய் என்றால் சீறும் சத்தம் கேட்கும்.

டீசல் வான் வைத்திருப்பவர்கள் ஹீற்றர் பிளக்கையும், பில்ரரில் தேங்கும் தண்ணீரையும் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கலன்களில் சேர்த்து வைத்து ஊற்றியவர்கள் பலர்; பழைய தாங்கியின் அடியில் தண்ணீரும் துருவும் இன்னும் கிடக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காலையில் உதறி, இனிப்பு மணத்துடன் வெள்ளைப் புகை தள்ளி, கூலன்றும் மெல்ல மெல்லக் குறைந்தால், ஹெட் காஸ்கெற் வழியாகக் கூலன்ற் சிலிண்டருக்குள் கசிகிறது. பழைய ஹைபிரிட் கார்களில் இதை அடிக்கடி காண்கிறோம். அந்தக் காரை ஓட்டினால் பத்தில் முடிய வேண்டிய செலவு நூறாகும். சாதாரண ஈரக்காலை நீராவி ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் உறவினர் அனுப்பும் காணொளிகளில் வரும் எஞ்சின் சூடாக்கி எங்களுக்குத் தேவையற்ற செலவு. அங்கே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. இங்கே வன்னிப் பனியில்கூட காருக்கு அப்படியொரு குளிர் இல்லை.

கராஜுக்குப் போகும்போது காரை ஓட்டிக்கொண்டு பகலில் போகாதீர்கள். முதல்நாள் பின்னேரமே கொண்டுபோய் நிறுத்தி, நீங்கள் வரும்வரை யாரும் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் மெக்கானிக்குடன் நின்று முதல் தடவை திறப்பைத் திருப்புங்கள். அவர் ஏதாவது சாமானை மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் அது பிடிபட்டது என்று கேளுங்கள். கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.