பார்க்க வந்தவர்களும் பறந்து வந்தவர்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஆஷ்கோஷ் பெரிய நகரமல்ல. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம், அவ்வூரின் விட்மன் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே அதிக நெரிசலைச் சமாளிக்கிறது. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமாக 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்திறங்குகின்றன. அண்மை ஆண்டுகளில் பார்வையாளர் வருகை 6 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. செய்திப் படங்களில் நமக்குக் கிடைப்பது போர் விமானங்களின் குட்டிக்கரணமும் வானில் போட்ட புகைக்கோலமும்தான். அதனால் இந்த ஒரு வார விழாவைப் பெரியதொரு வான்சாகசக் காட்சி என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் இதன் உயிர், சொந்தச் சிறு விமானத்தில் பறந்துவந்து இறக்கையடியில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் ஃப்ளை-இன் கூட்டம். அமெரிக்காவில் சிறு விமானம் என்ற ஒன்று தொழிலாகவும் கலையாகவும் பிழைத்துக் கிடப்பது, விமானத் தொழிற்சாலைகளைவிட இந்தக் கூட்டங்களுக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் வந்தது காட்சிதான். முதல் உலகப் போர் முடிந்ததும் மிஞ்சிய கர்ட்டிஸ் ஜென்னி பயிற்சி விமானங்களை மலிவாக வாங்கிய விமானிகள் ஊர் ஊராகப் போய் மேய்ச்சல் நிலங்களில் இறங்கி, இறக்கைமேல் நடந்து காட்டி, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சுற்றினார்கள். அந்த ஏற்பாட்டில் விமானி வித்தைக்காரர், ஊரார் வேடிக்கை பார்ப்பவர்கள். இருவருக்கும் நடுவே அறிவு எதுவும் கைமாறவில்லை. 1926-இன் வான் வணிகச் சட்டம் விமானத்துக்கும் விமானிக்கும் உரிமம் கேட்டது. மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் போக, வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஆரிகன் மாநிலம் மட்டும் பிடிவாதமாகத் தனக்கென ஒரு விதியை வைத்துக்கொண்டு அவர்களை அனுமதித்தது. அந்த ஆரிகனிலிருந்துதான் ஜார்ஜ் பொகார்டஸ், 'லிட்டில் ஜீ பீ' என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தில் 1947-இல் நாட்டின் குறுக்கே வாஷிங்டன் வரை பறந்தார். வீட்டில் கட்டிய விமானம் நம்பத்தக்கது என்று அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துச் சொல்வதற்குப் பதில், அந்த விமானத்தையே கொண்டுபோய் அவர்கள் முன் நிறுத்தினார். 1950-களின் தொடக்கத்தில், பொழுதுபோக்குக்காகத் தாமே கட்டும் விமானங்களுக்கெனத் தனிப்பிரிவு சட்டத்தில் நிலைபெற்றது.

அதே ஆண்டுகளில் தொழிற்சாலைகள் என்ன ஆயின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் விமானிகள் எல்லாரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள் என்ற கனவில் 1946-இல் ஏறத்தாழ 35,000 குடிசார் விமானங்களைச் செய்து தள்ளினார்கள். மூன்றே ஆண்டுகளில் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இந்தச் சரிவின் நடுவில்தான், 1953 ஜனவரியில், மில்வாக்கியின் கர்ட்டிஸ்-ரைட் திடலில் ராணுவ விமானியான பால் போபெரெஸ்னி சுமார் 36 பேரைக் கூட்டி, சோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த அவர்களுடைய முதல் ஃப்ளை-இன், மில்வாக்கி வான்காட்சியின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது. பதிவு செய்தவர்கள் 150 பேருக்கும் குறைவு. விமானங்களோ விரல்விட்டு எண்ணிவிடலாம். 1959-இல் கூட்டம் இல்லினாயின் ராக்ஃபர்டுக்கும், அங்கும் இடம் போதாமல் 1970-இல் ஆஷ்கோஷுக்கும் மாறியது. அன்று காட்சியின் மூலையில் கூட்டம் இருந்தது. இன்று கூட்டத்தின் பிற்பகல் நேரத்தில் காட்சி இருக்கிறது.

சட்டம்தானே கதவைத் திறந்தது, கூட்டத்துக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். சட்டம் அனுமதி தந்ததே ஒழிய, பற்றவைப்பையோ துணி போர்த்துவதையோ கற்றுத் தரவில்லை. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுகிறவர்களே தம் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் செய்திருக்க வேண்டும் என்பதுதான் விதியின் சாரம். பிரிட்டனில் இப்படிப்பட்ட விமானத்தைப் படிப்படியாகப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு ஆர்வலர் சங்கத்தின் ஆய்வாளர்களிடமே விடப்பட்டது. அமெரிக்காவில் அரசு ஆய்வு முடிவில் ஒருமுறை வந்துபோவது; இடையில் தப்பைக் கண்டுபிடிக்கிற கண் சக கட்டுநர்களுடையதாகத்தான் இருந்தாக வேண்டும். ஃப்ளை-இன் அந்தக் கண்களை ஒரே புல்தரையில் கூட்டியது. மூடியைத் திறந்து வைத்த எஞ்சினைக் குனிந்து பார்த்து, இந்தக் குழாய் ஏன் இப்படி வளைகிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாவிட்டால் கட்டியவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. கூடாரங்களில் பற்றவைப்பும் தகடு மடிப்பும் சொல்லிக் கொடுக்கிறார்கள். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் 1975-இல் தம் வேரிஈஸி விமானத்தை ஆஷ்கோஷுக்குக் கொண்டுவந்தபோது, நுரைக்கட்டியைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசி, அச்சு எதுவும் இல்லாமலே விமானம் கட்டலாம் என்பது நூற்றுக்கணக்கானோர் கண்முன் நிரூபணமாயிற்று. 1987-இல் இதே திடலில் கிளாப்மையர் சகோதரர்கள் விகே-30 என்ற விமானக் கட்டுமானத் தொகுப்பை அறிமுகப்படுத்தினார்கள். அவர்களுடைய சிரஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்20 முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட்டுடன் 1998-இல் அரசுச் சான்று பெற்றது. இடையில் பெரிய ஆலைகள் தூங்கிக்கொண்டிருந்தன: 1978-இல் 17,811 பொதுப் பயன்பாட்டு விமானங்களை விற்பனைக்கு அனுப்பிய அமெரிக்கத் தொழில், 1994-இல் 928 மட்டுமே அனுப்பியது, செஸ்னா 1986-லேயே பிஸ்டன் எஞ்சின் விமானங்களை நிறுத்தியிருந்தது. புதிய சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. 1955-இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் போபெரெஸ்னி, எஞ்சின் உட்பட 800 டாலருக்குள் பேபி ஏஸ் விமானத்தைக் கட்டும் முறையை எழுதினார். இன்று அந்தக் கணக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆஷ்கோஷும் இப்போது விற்பனைக் கூடாரங்களால் நிறைந்திருக்கிறது. ஆனால் ஆஷ்கோஷை மட்டும் வைத்து இந்த வழக்கத்தை எடை போடக்கூடாது. சங்கத்தின் நூற்றுக்கணக்கான கிளைகள் சிற்றூர்த் திடல்களில் சனிக்கிழமைக் காலைப் பலகாரத்துக்குக் கூடுகின்றன. பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில், பைப்பர் கப் சிறு விமானங்கள் தயாரான ஊரில், 1986 முதல் கப் விமானங்களின் கூட்டம் நடக்கிறது. உள்ளபடியே அறிவு கைமாறுவது இத்தகைய சின்ன இடங்களில்தான்.

இன்னும் கடுமையான ஆட்சேபம் உயிர் சம்பந்தப்பட்டது. கூட்டம் தரும் கட்டொழுங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஷ்கோஷுக்கு வரும் விமானங்கள் ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற ஊர் வரை ரயில் பாதையைப் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஃபிஸ்கில் தொலைநோக்கியுடன் நிற்கும் கட்டுப்பாட்டாளர் விமானத்தின் வகையையும் நிறத்தையும் சொல்லி அழைக்க, விமானி வாய்திறக்காமல் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்கிறார். ஆனாலும் 2012-இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட ஆய்வு, சொந்தக் கட்டுமான விமானங்களின் விபத்து விகிதம் ஒத்த தொழிற்சாலை விமானங்களைவிட அதிகம் என்று காட்டியது. அவ்வாய்வை ஊன்றிப் பார்த்தால், விபத்துகளில் பெரும்பங்கு விமானத்தின் முதல் சில மணிநேரப் பறப்பிலும், அதைப் பழையதாக வாங்கிய அடுத்த உரிமையாளரின் தொடக்கப் பறப்புகளிலும் குவிந்திருப்பது தெரியும். அதாவது கட்டுகிறபோது இருந்த கண்கள், பறக்கத் தொடங்கும்போது உடன் இருப்பதில்லை. ஆய்வை அடுத்து 2014-இல், சோதனைப் பறப்பில் அனுபவமுள்ள இன்னொரு விமானியையும் ஏற்றிக்கொள்ள அரசு வழிசெய்தது. அதற்குமுன் கட்டியவர் தனியாகத்தான் பறக்க வேண்டியிருந்தது. ஆனால் பழைய விமானத்தை வாங்குகிறவர் அதைக் கட்டியதும் இல்லை, எந்தக் கிளைக்கூட்டத்திலும் அதன் மூடியைத் திறந்து கேள்வி கேட்டதும் இல்லை. பழைய விமானங்கள் கைமாறுவது பெருகப் பெருக, ஃப்ளை-இன் இதுவரை செய்துவந்த வேலை இவரை எட்டாமலேயே போய்க்கொண்டிருக்கிறது.